மடத்து வாசலில் வீரபத்திரன்

"காலையில் பனி. வேஷம் பிற்பகலில் வரும் என்கிறார்கள். வாசல் தெளிக்கச் சாணம் இல்லை. காசிம் நானா பால்காரரிடம் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் இன்று எழுத்துப் படிக்க உட்காரமாட்டோம் என்று ஓடுகிறார்கள்."

ஹட்டன், 1961 மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. என் நாட்குறிப்பில் அன்றைக்கு இருப்பது இவ்வளவே. நடந்ததை அன்றன்றே தேதி போட்டு எழுதிவைப்பது என் வழக்கம். ஆனால் அந்த மாலையும் அதற்கடுத்த சில நாட்களும் குறிப்பில் இல்லை. அதனால் கீழே வருவதில் நான் கண்டதைக் கண்டதாகவும், பிறர் சொன்னதைச் சொன்னதாகவும் பிரித்தே எழுதுகிறேன்.

லால்குடி வாசகசாலைக் கையெழுத்துப் பத்திரிகைக்கு இதுவரை நான் அனுப்பியவை பனியும் ரயிலும் தேயிலையும் பற்றியவை. படித்துவிட்டு, குளிர்ந்த ஊரில் சுகமாக இருக்கிறாய் என்று எழுதினீர்கள். இம்முறை எழுதுவது வேறு. பாக்கியம் என்று ஒரு பெண். அவளும் அவள் மகளும் ஒரே கூரையின் கீழ் பயமில்லாமல் இருக்க முடியுமா என்பது நான்கு மாசிகள் போயும் தீரவில்லை.

1

நாங்கள் 1949-இல் இங்கு வந்தோம். என் கணவர் ஹட்டன் கடைவீதியில் ஒரு மருந்துக்கடையில் மருந்து கலப்பவர். தோட்டத்து ஜனங்களுக்கு அவர் டிஸ்பென்சர் ஐயா. நான் டிஸ்பென்சர் அம்மா. என் சொந்தப் பெயரை இங்கே சொல்லுகிறவர் குடிவரவு அலுவலகத்தில் முத்திரை குத்துகிறவர் மட்டும்தான். அனுமதியைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்க வேண்டும். 'தற்காலிகம்' என்ற முத்திரையோடு எனக்குத் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது.

மகள் வசந்தா இங்கேயே பிறந்தவள். ஒருமுறை லால்குடிக்கு அழைத்துவந்தபோது என் அக்கா வீட்டில் காலையில் பாண் இருக்கிறதா என்று கேட்டாள். ரொட்டியைத்தான் கேட்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை. தெரிந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு திரும்புகிற வரை அவள் அங்கே எதையும் கேட்டு வாங்கிச் சாப்பிடவில்லை. தலைமன்னாரில் கப்பலைவிட்டு இறங்கி ரயில் ஏறியதும்தான் வாயைத் திறந்தாள்: "அப்பாடா, வீட்டுக்குப் போறோம்."

அவளைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. வீடு என்று ஒன்று இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். அப்போது நான் வாரம் இரண்டு நாள் போய்வந்த இடத்தில், வீடு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாதவர்களே இருந்தார்கள்.

2

சிவனொளிபாத மலைக்குப் போகும் யாத்திரிகர்களுக்காக முன்னொரு காலத்தில் ஒரு வியாபாரி கட்டிய மடம் அது. ஊருக்குச் சற்று வெளியே, தகரக் கூரையும் இரும்புக் கேட்டுமாக இருக்கிறது. 1958 சிங்கள-தமிழ்க் கலவரத்தின்போது எல்லைத் தோட்டங்களில் அடிபட்டு, லயங்கள் என்னும் வரிசை வீடுகளை நெருப்புக்குக் கொடுத்துவிட்டு லாரியில் வந்து இறங்கிய பெண்களையும் பிள்ளைகளையும் அதில் தங்கவைத்தார்கள். அந்த லாரியில் ஒருத்தி மடியில் கிடந்த குழந்தை இறந்து வெகுநேரம் ஆகியிருந்தது. அவள் விடாமல் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் பிடியிலிருந்து விரல் விரலாகப் பிரித்துக் குழந்தையை வாங்கியவள் செவப்பாயி. தோட்டத்தில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த கைம்பெண். உதவிக்கென்று ஒரு நாள் வந்தவள் பிறகு மடத்தை விட்டுப் போகவே இல்லை.

கலவரம் அடங்கியதும் மடம் காலியாகும் என்று எண்ணினோம். காலியாகவில்லை. தோட்டத்தில் லயத்து அறை வேலை செய்கிறவன் பெயருக்கு உரியது. புருஷன் செத்தாலோ, வேலையிலிருந்து பெயர் வெட்டுப்பட்டாலோ, அடி பொறுக்காமல் பெண் வெளியே வந்தாலோ அவளுக்கு அறை இல்லை. பிறந்த லயத்தில் ஏற்கெனவே ஓர் அறைக்கு இரண்டு குடும்பம் இருக்கும். அப்படிப்பட்டவர்கள் ரயில்பாதை ஓரமாகவே நடந்து வந்துசேர்ந்தார்கள்.

என் வேலை செவ்வாயும் வெள்ளியும்: புண் கழுவுவது, பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தருவது. கொள்ளிக்கட்டையால் சுட்ட முதுகு, கடித்துத் துண்டான உதடு, வயிற்றில் மிதித்ததில் கலைந்த கரு என்று நான் பார்த்தவற்றை வகைப்படுத்தி எழுத எனக்கு மனமில்லை. கடைவீதியில் அரிசி வியாபாரம் செய்யும் காசிம் நானா மூட்டைகளைக் கேட்டிலேயே இறக்கிவிட்டுப் போவார். என் கணவர் மருந்தைக் கம்பி வழியாகக் கொடுப்பார். ஆம்பளை கேட்டுக்கு அந்தப் பக்கம் என்பது செவப்பாயி போட்ட சட்டம். சாந்தி கழிக்க வந்த கோயில் பூசாரியைக்கூட அவள் உள்ளே விடவில்லை.

"பூசாரின்னா மீசை மொளைக்காதா?" என்று என்னைக் கேட்டாள்.

3

பாக்கியம் வந்தது 1960 ஐப்பசி மழையில். றொசல்ல பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்தெடுப்பவள். இடது காது தோட்டோடு கிழிந்து தொங்கியது. தலைமயிர் ஒரு பக்கம் அடியோடு அறுக்கப்பட்டிருந்தது. ஆட்டுக்கு ரோமம் வெட்டுவதுபோல அவள்மேல் முழங்காலை ஊன்றி அறுத்தானாம். அவன் பெயர் கருப்பையா, அவள் புருஷன். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதில் அந்த மலையிலேயே கைதேர்ந்தவன் என்று அவளே சொன்னாள், ஏதோ பெருமைபோல. கூட வந்த மகள் ராணிக்கு எட்டு வயது. கேட்டைத் தாண்டியதும் அந்தப் பிள்ளை சொன்ன முதல் சொல் எனக்கு நினைவிருக்கிறது: "அப்பா வந்தா நாங்க இங்க இல்லன்னு சொல்லுங்க."

காரணம் என்ன என்று கேட்டோம். பாக்கியம் வேகமாகக் கொழுந்தெடுப்பாள். அந்த மாதச் சம்பளக் கணக்கில் அவள் பெயர் அவன் பெயருக்குமேல் நின்றது. கணக்கப்பிள்ளை பெரட்டில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்தில், எல்லார் முன்னாலும் அதைச் சொல்லிச் சிரித்துவிட்டார். அவ்வளவுதான்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: வேறு தோட்டத்தில் தன் பெயரில் வேலை, அதோடு ஓர் அறை, மகளோடு. அதற்குப் பழைய தோட்டத்திலிருந்து விடுவிப்புத் துண்டு வேண்டும். துண்டு குடும்பத்துக்கு ஒன்றுதான் என்றார் அந்தத் தோட்டத்துக் கிளாக்கர்; புருஷன் சம்மதித்தால் பிரித்துத் தரலாம் என்றார். பிரஜாவுரிமை விண்ணப்பமும் அவன் பெயரில்தான் போயிருந்தது, நிராகரிக்கப்பட்டிருந்தது. அவள் எந்த நாட்டுக்காரி என்று எழுதிக்கொடுக்க ஓர் அலுவலகத்திலும் ஆள் இல்லை. நான் உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பெரிய கிளாக்கருக்கு எழுதினேன். பலமுறை எழுதிய பின், மாசி முடிந்ததும் கூட்டிவாருங்கள், துண்டில்லாமலே துரையிடம் பேசிப்பார்க்கிறேன், கை வேகமாக இருந்தால் போதும் என்று பதில் வந்தது.

இதற்கிடையில் கருப்பையா வந்துகொண்டே இருந்தான். கேட்டுக்கு வெளியே நின்று கல் எறிவான். ஒரு பிள்ளையின் நெற்றி உடைந்தது. மண்ணெண்ணெயில் நனைத்த சாக்கைக் கேட்டுக்கு அடியில் திணித்துக் கொளுத்தினான். காசிம் நானாவின் வண்டிக்காரரை அச்சாணியால் அடித்து விலாவை முறித்தான். பக்கத்துக் காவல் நிலையத்தில் முறைப்பாடு செய்தோம். எழுதிக்கொண்ட ராளஹாமி, அதாவது போலீஸ்காரர், நல்ல மனிதர்தான், தேநீர்கூட வரவழைத்தார். எழுதியது சிங்களத்தில். பாக்கியம் கைநாட்டு வைத்தாள். நான் கையெழுத்துப் போட்டேன். மடத்துக்குத் தையல் சொல்லித்தர வரும் சிங்கள ஆசிரியை பிறகு போய்க் கேட்டுவந்து சொன்னார்: குடும்பத் தகராறு, இரு தரப்புக்கும் புத்தி சொல்லி அனுப்பப்பட்டது என்று இருக்கிறதாம்.

4

காமன் கூத்தை நம் ஊர்ப்பக்கத்திலிருந்துதான் இங்கே கொண்டுவந்தார்கள். லால்குடியில் அது சுருங்கிவிட்டது என்று கேள்விப்படுகிறேன். இங்கே மாசி வந்தால் தோட்டத்துக்குத் தோட்டம் கம்பம் நடுகிறார்கள். கூத்துக்கு முன் வேஷக்காரர்கள் ஒவ்வொரு லயமாக, ஒவ்வொரு வாசலாக வருவார்கள். ரதி, மன்மதன், தூதன், எல்லோருக்கும் பின்னால் வீரபத்திரன். வீட்டுப் பெண் மஞ்சள் நீர் கொண்டுவந்து வேஷத்தின் காலைக் கழுவுவாள். அரிசித் தட்டில் விளக்கு இருக்கும். வேஷம் கட்டியவன் யார் என்று யாரும் கேட்பதில்லை. மாமன் மகனே ஆனாலும் பெயர் சொல்லக் கூடாது. கிரீடம் தலையில் இருக்கிறவரை அவன் சாமி.

பாக்கியம் வந்ததற்கு அடுத்து வந்த தீபாவளியை மடத்தில் கொண்டாடியிருந்தோம். காசிம் நானா பூப்போட்ட சீத்தைத் துணி கொடுத்தார். ஆசிரியை பிள்ளைகளுக்குத் தைத்துத் தந்தார். கடைவீதிப் பெண்கள் பலகாரத்தோடு வந்து ஒரு பொழுது இருந்துவிட்டுப் போனார்கள். எல்லாம் நன்றாகவே நடந்தது. ஆனால் அவர்கள் போன பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டே பாக்கியம் சொன்னாள், "இதெல்லாம் நாலு பேரு நமக்குக் குடுத்ததுங்க. நம்ம வாசலுக்குன்னு ஒண்ணு வரலியே."

எனக்கு அது புரியச் சற்று நேரம் ஆனது. வேஷம் வீட்டு வாசலுக்குத்தான் வரும். சத்திரத்துக்கும் கடைக்கும் வராது. மடத்து வாசலுக்கு வேஷம் வந்துவிட்டால், அங்கே இருக்கிறவர்களும் குடித்தனக்காரர்கள் என்று ஆகிறது. மாசி பிறந்ததும் பெண்கள் எல்லோரும் செவப்பாயியைச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் மறுத்தாள். ஆம்பளை உள்ளே வரக் கூடாது என்றாள்.

"வேஷம் ஆம்பளையா அக்கா?" என்றாள் பாக்கியம்.

செவப்பாயி ஒப்புக்கொண்டாள். பூசாரியைத் தடுத்தவளால் வேஷத்தைத் தடுக்க முடியவில்லை. எனக்கும், இத்தனை புத்தகம் படித்தும், அது ஒரு கேள்வியாகவே தோன்றவில்லை. பக்கத்துத் தோட்டத்துக் கூத்து வாத்தியார் மாரிமுத்துவுக்குச் சொல்லியனுப்பினோம். அவரும் மகிழ்ந்து ஒப்புக்கொண்டார்.

அவருடைய வீரபத்திரனுக்கு அந்த வாரம் காய்ச்சல் கண்டது. வேறு தோட்டத்தில் அதே வேஷம் கட்டிப் பழகிய ஒருவன் தானாக வந்து, விரதம் இருக்கிறேன், காப்புக் கட்டுங்கள் என்று கேட்டிருக்கிறான். அவன் வீட்டுச் சங்கதி வாத்தியாருக்குத் தெரியாது. இதை நாங்கள் அறிந்தது பிறகுதான்.

5

பிற்பகல் வெயில் நன்றாக இருந்தது. செவப்பாயி தன் கையாலேயே கேட்டைத் திறந்து இரண்டு கதவையும் கல் வைத்து முட்டுக்கொடுத்தாள். மடம் புகலிடமாக ஆன நாளிலிருந்து அந்தக் கேட் அப்படி அகலத் திறந்ததில்லை. தப்பு மேளச் சத்தம் வளைவில் கேட்டதும் பிள்ளைகள் கூரை அதிரக் கத்தினார்கள். முற்றத்து ஓரத்தில், வருகிறவர்களுக்குக் கொடுக்கப் பெரிய அண்டாவில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது.

யார் எந்த வேஷத்துக்குக் காலைக் கழுவுவது என்று காலையிலேயே பேசிவைத்திருந்தார்கள். ரதிக்கும் மன்மதனுக்கும் போட்டி. வீரபத்திரனுக்கு யாரும் வரவில்லை. கரிய முகமும் தகரப் பல்லும் சிவப்புக் கண்ணுமாக அந்த வேஷம் உறுமிக்கொண்டு வரும். இடுப்பில் துண்டைக் கட்டி இரண்டு பேர் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்திருப்பார்கள்.

"நான் கழுவுறேன். எனக்கென்ன பயம்?" என்றாள் பாக்கியம்.

"அவளுக்கென்னடி, இதவிடப் பெரிய வீரபத்திரனோட குடும்பம் நடத்துனவ," என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். பாக்கியமும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நான் படியில் நின்றிருந்தேன். பாக்கியத்துக்குப் பக்கத்தில் ராணி அரிசித் தட்டை ஏந்தி நின்றாள். புதுப் பாவாடை. ரதியும் மன்மதனும் தூதனும் முடிந்து வீரபத்திரன் வாசலுக்கு வந்ததும், வழக்கப்படி, கால் கழுவுவதற்காகப் பின்னாலிருந்தவர்கள் துண்டை விட்டார்கள். பாக்கியம் குனிந்து வலது காலில் நீர் ஊற்றினாள். ஊற்றிய கை அப்படியே நின்றது. அவள் நிமிரவில்லை. செம்பை மெதுவாக, நீர் சிந்தாமல், தரையில் வைத்தாள். வைத்துவிட்டு எழுந்தாள். அதற்குள் கத்தி இறங்கியது.

வேஷத்தின் கத்தி மரத்தில் செய்தது; தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டும் ஈயத்தாளைச் சுற்றியிருப்பார்கள். இதிலும் ஈயத்தாள் இருந்தது. உள்ளே இருந்தது கவ்வாத்துக் கத்தி. வலது கையைத்தான் குறிவைத்தான். தலையை அல்ல, கழுத்தை அல்ல. அவளுடைய சுண்டுவிரல் ராணியின் தட்டில், அரிசிமேல் விழுந்தது.

இதை எழுதுவது எனக்குக் கடினம்: அந்த வெட்டுக்குப் பெண்கள் குலவை இட்டார்கள். சாமி இறங்கிவிட்டது என்று நினைத்தார்கள். பாக்கியத்தின் அலறலையும் அருள் வந்த அலறலாகவே எடுத்துக்கொண்டார்கள். தப்புக்காரர்கள் அடியைக் கூட்டினார்கள். துண்டு பிடித்திருந்த இரண்டு பேரும் கைகூப்பி நின்றார்கள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து, செடியின் கிளையைப் பிடிப்பதுபோலத் திருப்பினான்.

"இந்தக் கைதானடி ஒனக்குத் திமிரு," என்றான்.

அந்தக் குரலை நான் கேட்டேன், செவப்பாயியும் கேட்டாள். தட்டில் கிடந்ததையும் அவள் பார்த்தாள். ஓடிவந்தாள். ஆனால் அடிக்கவில்லை. அவன் முன்னால் நின்று, "சாமி, பொறுத்துக்க," என்று சொல்லி, இரண்டு கைகளாலும் கிரீடத்தைப் பிடித்துத் தூக்கினாள். அது கொண்டையோடு சேர்த்துக் கட்டியிருந்தது. அவிழ்க்க வேண்டியிருந்தது. அவள் முடிச்சைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் இரண்டாவது வெட்டு விழுந்தது. மோதிர விரல்.

கிரீடத்தை மதிலின்மேல் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"கருப்பையா," என்றாள்.

அந்தப் பெயர் கேட்டதும் தப்பு நின்றது. பிறகு நடந்ததற்கு ஒழுங்கு இல்லை. செவப்பாயியும் இன்னொருத்தியும் கொதிக்கும் அண்டாவைத் துணி பிடித்துத் தூக்கி அவன்மேல் கவிழ்த்தார்கள். இடது கழுத்தும் தோளும் வேஷ மையோடு சேர்ந்து உரிந்தன. உலக்கை, விறகு, கேட்டுக்கு முட்டுக்கொடுத்த கல், கையில் கிடைத்ததெல்லாம் அவன்மேல் விழுந்தது. நான் பல மாதங்களாகப் புண் கழுவிக் கட்டுப்போட்ட கைகள் அவை. ஒவ்வொருத்தியும் தன் தன் புருஷன் பெயரைச் சொல்லி அடித்தாள். மாரிமுத்து வாத்தியார் அவன்மேல் விழுந்து படுத்து அடியைத் தன் முதுகில் வாங்கியிருக்காவிட்டால் அவன் அங்கேயே செத்திருப்பான். மன்மதன் வேஷம் கட்டியவன் பூமாலையோடு கடைவீதிக்கு ஓடி என் கணவரை அழைத்துவந்தான்.

ராணி தட்டைக் கீழே போடவில்லை. அழவுமில்லை. நான் போய் வாங்குகிறவரை அதை நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

6

அவன்தான் என்று எப்போது தெரிந்தது என்று ஆஸ்பத்திரியில் பாக்கியத்திடம் கேட்டேன்.

"காலைப் பாத்ததுமே தெரிஞ்சிருச்சுங்கம்மா. பெருவெரல் நகம் கெடையாது அவருக்கு."

தெரிந்ததும் ஏன் ஓடவில்லை என்றேன்.

"செம்புத் தண்ணி சாமிக்கு எடுத்ததுங்களே. கொட்டிட்டா ஓடுறது? வச்சிட்டு ஓடலாம்னுதான் நெனச்சேன்."

வழக்கு சித்திரையில் விசாரணைக்கு வந்தது. கருப்பையாவின் வழக்கறிஞர் அவன்மேல் சாமி இருந்தது, செய்தது அவனுக்குத் தெரியாது என்று வாதிட்டார். தோட்டத்து ஆட்கள் பலர் அதைக் கேட்டுத் தலையசைத்தார்கள். மாரிமுத்து வாத்தியாரைக் கூண்டில் ஏற்றி, வேஷத்தின்மேல் சாமி வருவது உண்டா இல்லையா என்று கேட்டார்கள். இல்லை என்றால் தலைமுறையாகக் கட்டிவந்த கூத்து பொய் என்றாகும். உண்டு என்றால் அவன் தப்புவான். கூடியிருந்தவர்கள் அவர் வாயையே பார்த்தார்கள்.

"வருமுங்க," என்றார் வாத்தியார். "ஆனா சாமிக்குக் கவ்வாத்துக் கத்தி எதுக்குங்க? அதத் தீட்டி, ஈயத்தாளு சுத்தி எடுத்துக்கிட்டு வந்தது மனுசன்."

செவப்பாயிமீதும் எதிர்வழக்குப் போட்டிருந்தார்கள். சாமி என்று நினைத்தவனை எப்படிக் கஞ்சி ஊற்றிச் சுட்டாய் என்று அவளைக் கேட்டார் அதே வழக்கறிஞர்.

"கிரீடம் எறங்கினப்பறம் அவன் கருப்பையாதானுங்களே. கிரீடத்தோட இருந்தவரைக்கும் நான் தொடலியே," என்றாள்.

அவள் அதைத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னாள் என்று நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. எனக்குத் தெரியும், அவள் வெட்கத்தோடு சொன்னது அது. முடிச்சு அவிழ்க்க எடுத்த நேரத்தில் போன விரலை அவள் இன்னும் மறக்கவில்லை. அவளை எச்சரித்து விட்டுவிட்டார்கள். கருப்பையாவுக்கு மூன்றாண்டுக் கடூழியச் சிறை.

மடத்தை மூடிவிட வேண்டும் என்று கடைவீதியில் சிலர் கிளம்பினார்கள். சாமியை அடித்த இடம் என்றார்கள். காசிம் நானா மறுநாளே வழக்கம்போல மூட்டையோடு வந்தார். "எங்க புள்ளைங்க பசியா இருக்கிறது சாமிக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு இறக்கிப் போட்டார். மடம் நின்றது.

7

உடப்புசல்லாவைப் பெரிய கிளாக்கருக்குக் கை வேகம்தான் வேண்டியிருந்தது. புண் ஆறியதும் நானே பாக்கியத்தைக் கூட்டிப்போனேன். அவர் அவள் கையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். ஏதோ பழுதான பொருளை விற்க வந்தவளைப் பார்ப்பதுபோல இருந்தது அது. பாக்கியம் என்னைப் பேச விடவில்லை.

"எட்டு வெரலு இருக்குங்கய்யா. ஒரு நா மலைக்கு அனுப்பிப் பாருங்க."

அனுப்பினார்கள். கூடை நிறையவில்லை. ஆனால் இலை சுத்தமாக இருந்தது. அரைப்பேருக்கு, அதாவது நாளுக்குப் பாதி வேலை செய்ததாகக் கணக்கிட்டு, எடுத்துக்கொண்டார்கள். புருஷன் பெயர் போடும் இடத்தில் கிளாக்கர் ஒரு கோடு போட்டார். ஒரு கிழவியோடு பாதி அறையும் கிடைத்தது. அடுத்த ஆண்டு முழுப்பேர் ஆனது. கிழவி மகனோடு போனதும் அறையும் முழுதாக அவளுடையதானது.

ராணி வரவில்லை. முதலில் பாதி அறையில் இடமில்லை என்றோம், பிறகு படிப்பு என்றோம். உண்மை வேறு. தாய் அந்தக் கையால் பிசைந்து கொடுக்கிற சோற்றை அந்தப் பிள்ளையால் விழுங்க முடியவில்லை. இரண்டு தடவை முயன்றாள், வாந்தி எடுத்தாள். செவப்பாயியை அவள் 'அம்மா' என்று கூப்பிடத் தொடங்கினாள். பெற்றவளைப் பற்றிப் பேசும்போது 'அவங்க' என்பாள். ஆசிரியையோடு சிங்களத்தில் பேசும்போது மட்டும் அவள் முகம் தெளிவாக இருக்கும். ஏன் என்று கேட்டேன். "அதுல யாரும் என்னைய வையலியே," என்றாள்.

பாக்கியம் லீவு கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் மாறி மாறி வருவாள். கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டே மகளோடு பேசுவாள். இடது கையால் ஊட்டப் பழகினாள். போன ஆண்டு ஆடியில் ராணி அந்த இடது கையிலிருந்து ஒரு வாய் வாங்கிக்கொண்டாள். வந்துவிடுவாள் என்று நாங்கள் நம்பிய நேரம் அது. அந்த மாதமே கருப்பையா விடுதலையாகி வந்தான்.

8

இந்த மாசியில், 1965, உடப்புசல்லாவையில் பாக்கியத்தின் லயத்துக்கு வேஷம் வந்தபோது நான் அங்கே இருந்தேன். அந்தத் தோட்டத்து வாத்தியார் மாரிமுத்துவின் உறவுக்காரர், நடந்ததெல்லாம் அறிந்தவர். மற்ற வாசல்களில் வழக்கப்படி நடந்தது. அவள் வாசலுக்கு வருமுன் வேஷங்கள் நின்றன. ஒவ்வொருவராகக் கிரீடத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். பெயர் சொல்லலாகாத நாளில் பெயர் சொன்னார்கள். கடைசியில் வீரபத்திரன், மை பூசிய முகத்தோடு, பள்ளிப் பிள்ளை மாதிரி நின்றான்.

"நான் மேல் டிவிசன் ராமாயி மவன் சின்னச்சாமிங்க அக்கா. கத்தியப் புடிச்சுப் பாருங்க. மரந்தான்."

பாக்கியம் வாங்கினாள். இரண்டு கையாலும் வளைத்துப் பார்த்தாள். ஈயத்தாளை நகத்தால் கீறி உள்ளே பார்த்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு, "கிரீடத்த வச்சுக்குங்க சாமி," என்றாள். பிறகுதான் செம்பை எடுத்தாள்.

ஹட்டனுக்குத் திரும்பி ராணியிடம் இதைச் சொன்னேன். பதின்மூன்றை நெருங்குகிற பெண், கவனமாகக் கேட்டாள். "அப்பா நாட்டவிட்டுப் போயிட்டாருன்னு நெசமா தெரிஞ்சா நான் அவங்ககிட்டப் போறேன். தெரியாம போனா, என்னையத் தேடி வந்து அவங்களத்தான் வெட்டுவாரு," என்றாள். பிள்ளை கணக்கில் தவறு இல்லை.

ஆகவே எனக்குத் தெரிந்தவற்றை எழுதுகிறேன். கார்த்திகையில் மாரிமுத்து வாத்தியார் கருப்பையாவை ஹட்டன் ஸ்டேஷனில் தகரப் பெட்டியோடு பார்த்திருக்கிறார். இந்தியாவுக்குப் போவதாக அவனே சொன்னான். அதன் பிறகு, தலைமன்னாரில் கடை வைத்திருக்கும் காசிம் நானாவின் மச்சான், இடது கழுத்து வெந்து சுருங்கிய ஒருவன் கப்பலுக்கான வரிசையில் நின்றதைப் பார்த்திருக்கிறார், ஏறியதைப் பார்க்கவில்லை. மார்கழிப் புயலில் தனுஷ்கோடி அழிந்ததால் அந்தக் கரையில் கேட்க எனக்கு ஆள் இல்லை. மடத்துப் பெண்களில் சிலர் புயல் அவனைக் கொண்டுபோயிருக்கும் என்கிறார்கள். அது விருப்பம், செய்தி அல்ல. தைப்பொங்கலுக்குப் பின் கந்தப்பளைச் சந்தையில் அவனைப் பார்த்ததாக உருளைக்கிழங்கு வியாபாரி ஒருவர் சொல்கிறார். அவர் பார்த்தது முதுகுப்பக்கம். கந்தப்பளையிலிருந்து உடப்புசல்லாவைக்கு மாறாமல் ஒரே பஸ்ஸில் போய்விடலாம்.

அவன் முன்னோர் ஊர் துறையூர்ப் பக்கம் என்று பாக்கியம் சொல்கிறாள். கிராமத்தின் பெயர் அவளுக்குத் தெரியாது. உங்களில் யாருக்காவது அந்தப் பக்கம் போக்குவரத்து இருந்தால், அப்படி ஒருவன் வந்து சேர்ந்தானா என்று விசாரித்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள். வரவில்லை என்றாலும் எழுதுங்கள். கருப்பையா கப்பல் ஏறினானா என்பது, 1965 பங்குனி மாதம் இதை எழுதி முடிக்கும்வரை, உறுதிப்படவில்லை.